ஒருவர் மட்டும் ஒட்டிய படம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் காட்சிக்கூடப் பொறுப்பாளர் அவர்களே, மேடையில் இருக்கும் ஓவிய நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மாமா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் கண்கலங்கினார்கள். என்னிடமும் அதையே எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும், நான் கோபத்தோடு வந்திருக்கிறேன்!

‘கொலாஜ் கலையரசி’ என்று பதாகையில் அச்சடித்திருக்கிறீர்கள். எங்களுக்கு அவர் கத்தரி அக்கா. கத்தரியை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை! பழைய வார இதழோ, விளம்பரத் தாளோ, மாவு மூட்டைக் காகிதமோ, எல்லாவற்றையும் விரலால்தான் கிழித்து, ஒட்டிப் படமாக்குவார். கத்தரிக்கிற வேலையை அவர் நாக்கு பார்த்துக்கொள்ளும். நம் பொறுப்பாளரையே ஒருமுறை, “நீங்க படம் மாட்டுறீங்களா, துணி காயப்போடுறீங்களா?” என்று கேட்டவர். பொறுப்பாளர் இப்போது சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இதோ, என் பின்னால் மாட்டியிருக்கும் இந்தப் பெரிய படத்தைப் பாருங்கள். உட்கார்ந்து காத்திருக்கும் மனிதர்கள். அத்தனை பேரும் கிழித்தெடுத்த தாள்கள். நடுவிலே ஒரு வாய், பல் தெரியச் சிரிக்கிறதே, அது ஒரு பற்பசை விளம்பரச் சுவரொட்டி. வாளித் தண்ணீரை ஊற்றி, ஊறவைத்து, நானும் அக்காவும் நடுத்தெருவில் உரித்தோம். காவலாளி ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அக்கா அசரவில்லை. “நல்ல நேரத்துல வந்தீங்க, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க, கிழிஞ்சிடப் போவுது” என்றார். அந்த மனிதரும் பிடித்தார்! கடைசியில் சுருட்டிக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். இப்படி ஒரு பெண்மணியை எங்கே போய்த் தேடுவது?

நானும் அக்காவும் நடத்திய பட்டறையில் அக்கா போட்ட விதி ஒன்று உண்டு. தாள்களைப் பலகையில் குண்டூசியால்தான் குத்தி வைப்போம். நாள் கணக்கில் நகர்த்துவோம், சண்டை போடுவோம். இருவரும் ‘சரி’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இருவர் பெயரும், பசையும். அதுவும் மைதாப் பசை. ஈரத்துணி வைத்தால் இளகி வந்துவிடும். “மனசு மாறும்டா. பசை அதுக்கு இடம் கொடுக்கணும்” என்பார் அக்கா.

அந்த வாய்க்காக நாங்கள் போட்ட சண்டை ஊரறிந்தது. அக்காவுக்கு அது நடுவில் இருக்க வேண்டும். எனக்கு அது கீழ் ஓரத்தில், பாதி மறைந்து. “உக்காந்திருக்கறவங்களை அது கேலி பண்ணுதுக்கா” என்பேன். “அவங்களும் ஒருநாள் சிரிச்சவங்கதான்டா, மண்டு” என்பார். நான் கீழே நகர்த்திவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்தால் நடுவில் இருக்கும்.

அந்தச் சண்டை நடந்த நாட்களில் அக்கா கொண்டுவந்த இதழ்கள் எல்லாம் மருத்துவமனை முத்திரை குத்தியவை. கேட்டேனே! “பல் டாக்டர்கிட்ட போனேன்டா” என்றார். மறுபடி கேட்டேன், மறுபடியும் பல் டாக்டர். எத்தனை பல் அக்கா உங்களுக்கு!

அடக்கம் முடிந்து பட்டறைக்குப் போனேன். குண்டூசிகள் எல்லாம் டப்பாவில் கிடந்தன. படம் முழுக்க ஒட்டியிருந்தது. வாய் நடுவில். ஈரத்துணியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மைதா இல்லை ஐயா, தச்சர்கள் மரத்தை ஒட்டுகிற பசை! மைதாவைத் தவிர வேறெதையும் பட்டறைக்குள் விடாத அக்கா, நான் திருத்தவே கூடாது என்று வாங்கி வந்த பசை!

அக்காவின் கணவர், நம் மாமாவிடம் ஓடினேன். “அக்காவுக்கு நோய்னு ஏன் மாமா யாருமே என்கிட்ட சொல்லல?”

“உனக்குத் தெரிஞ்சா சண்டை போடறத நிறுத்திடுவியாம். பாவம்னு விட்டுக் கொடுத்துடுவியாம். அப்படி ஜெயிக்கிறது எனக்கு வேணாம்னு சொல்லிட்டா.”

“அப்ப நான் இல்லாதப்ப ஒட்டுறது மட்டும் ஜெயிக்கிறதா மாமா?”

மாமாவை நான் குறை சொல்லவில்லை.

ஆமாம் அக்கா, விட்டுக் கொடுத்திருப்பேன்! கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து நானே பசை கிண்டித் தந்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டீர்களே, இது அடுக்குமா? உங்கள் வலியையும் மறைத்தீர்கள், படத்தை ஒட்டியதையும் மறைத்தீர்கள். கூடவே இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

பொறுப்பாளர் அவர்களே, நாளை கண்காட்சி திறக்கிறீர்கள். படம் இங்கேயே இருக்கட்டும், ஊரே வந்து பார்க்கட்டும். ஆனால் கீழே உள்ள அட்டையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. என் பெயரை எடுத்துவிடுங்கள். ‘பெருந்தன்மை’ என்று யாரும் கை தட்ட வேண்டாம். கோபம்தான்.

பட்டறையை மூட மாட்டேன். திங்கட்கிழமை புதுப் பலகை வைக்கிறேன். சண்டை போடத் தெரிந்தவர்கள் வாருங்கள், அக்காவின் வேலை நிற்காது. இருவரும் சம்மதிக்காத படத்தில் பசையும் படக் கூடாது, இருவர் பெயரும் போகக் கூடாது என்பது அக்கா போட்ட விதி. அவரே அதை மீறிவிட்டார். இந்த மேடையில் சத்தியமாகச் சொல்கிறேன், நான் மீற மாட்டேன்.

நான் இன்னும் ‘சரி’ சொல்லவில்லை, அக்கா.