ரூமானா செஞ்ச ஒரே உருவம்

மெதுவாவே போங்கண்ணா, அவசரம் இல்ல. ஆங்... அவசரம்தான், புயல் வருதுல்ல. ஆனாலும் மெதுவா போங்க. நான் இன்னா பேசுறேன்னு எனக்கே தெரியல.

சரக்கா? ஸ்டாண்டுல சொன்னேனே, ஒரு சிலைன்னு. சாமி சிலை இல்லண்ணா. சாமி சிலையா இருந்தா நான் ஏன் எடுக்கப் போறேன்? என் பேரு ஷஃபீக், முத்தியால்பேட்டையில பெயிண்ட் கடை வச்சிருக்கேன். அது என் வீட்டுக்காரி செஞ்சது. ரூமானான்னு. பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, பாக்கலியா? பரவால்ல, எங்க தெருவுலயே பாதி பேருக்குத் தெரியாது.

கண்ணாடிய நல்லா ஏத்தி விட்டுக்கங்கண்ணா. கல்லு கில்லு வந்தா... இல்லல்ல, நிறுத்தாதீங்க! ஓட்டுங்க. முழுசா சொல்லிடுறேன். கேட்டுட்டு வேணாம்னா மரப்பாலத்துலயே என்ன எறக்கி விட்டுடுங்க.

அவ கல்லுல செய்யிறவ இல்ல. கரையில ஒடஞ்ச ஃபைபர் படகு கவுந்து கெடக்கும் பாருங்க, அத வாங்கியாந்து, கிரைண்டர் வச்சு அறுத்து, அதுலதான் செய்வா. அரியாங்குப்பத்துல சிற்பம் படிக்கும்போது எங்க கடைக்குத்தான் ஃபைபர் ஒட்டுற ரெசின் வாங்க வருவா. கையெல்லாம் ஃபைபர் தூசி, நின்ன எடத்துல சொறிஞ்சிக்கினே நிப்பா. கையில உறை மாட்டிக்கங்கன்னு சொன்னேன். அதான் எங்க மொதப் பேச்சு.

கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு பெரிய படக நடுவுல பொளந்து, செங்குத்தா நிக்க வச்சு, ஆளு உள்ள நடந்து போற மாதிரி பண்ணா. சனங்க சிரிச்சாங்க. எங்க அத்தா, அதான் எங்கப்பா, அவரு மட்டும் உள்ள போய்ட்டு வந்து, யூனுஸ் நபி மீன் வயித்துல இருந்த மாதிரி இருக்குதேம்மான்னாரு. அன்னிக்கு அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். அதே படகுதான் அப்பறம் பாரீசு வரைக்கும் போச்சு. அங்க போய்க்கூட அத்தா சொன்னதத்தான் மேடையில சொல்லியிருக்கா.

நடுவுல க்யூரேட்டரும் ஆனா. அப்டீன்னா இன்னான்னு நானும்தான் கேட்டேன். யாரு வேலைய யாரு வேலைக்குப் பக்கத்துல வைக்கணும்னு பாத்து வைக்கிறவங்களாம். பழைய துறைமுகத்துக்கிட்ட பூட்டிக் கெடந்த குடோன் ஒண்ண எடுத்து, ஊரு பேரு தெரியாத புள்ளைங்க செஞ்சதெல்லாம் அங்க வச்சா. ஒரு மண் பானையையும் ஒரு இரும்புச் சேரையும் எப்டி வைக்கிறதுன்னு ரெண்டு நாளா நகத்திக்கினே இருப்பா. இன்னிக்கு வெளிநாட்டுல பேர் வாங்குற நாலஞ்சு பேரு அங்கதான் ஆரம்பிச்சாங்க. தன்னுத ஒண்ணக்கூட அங்க வச்சிக்க மாட்டா. இப்ப கொச்சியில பெரிய ஷோ, அவதான் பொறுப்பு. அவ அங்க மாட்டிக்கிட்டா, நான் இங்க மாட்டிக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு, மனுசன், மிருகம்னு உருவம் மட்டும் செய்ய மாட்டா. எங்க மார்க்கத்துல அது கூடாதுல்ல. அத்தா ஒரே ஒரு தடவ சொன்னாரு, எது வேணா செய்யி, உருவம் மட்டும் வேணாம்மான்னு. அவரு மவுத்தாகி மண்ணுக்குப் போயும் அந்தப் பேச்ச அவ மீறல. அப்பறம் ஒரு வருசம் ஒண்ணுமே செய்யல. அவ வேலை செய்யிற ஷெட்டு பூட்டு துருப்புடிச்சிப் போச்சு. திடீர்னு ஒரு நாள் அத ஒடச்சிட்டு உள்ள போனா. போனவ, அந்த ஒண்ணச் செஞ்சா. ஆளு ஒசரத்துக்கு ஒரு பொண்ணு, கடலப் பாத்து நிக்கிற மாதிரி.

ஊர்ப் பஞ்சாயத்துல கேட்டு வீராம்பட்டினம் கரையில வச்சா. ஒரு மாசம் இருக்கட்டும், அப்பறம் எடுத்துடலாம்னு. அங்க மீன் விக்கிற அஞ்சலாட்சின்னு ஒரு அம்மா. மார்கழிப் பனி. பொண்ணு குளுர்ல நிக்குதேன்னு மஞ்சப் பொடவை ஒண்ண சுத்தி விட்டாங்களாம். அவ்ளோதான்ணா. மறுநாள் யாரோ பூ வச்சாங்க, அப்பறம் குங்குமம். ஒருத்தரு கற்பூரம் ஏத்திட்டு கடலுக்குப் போனாரு, அன்னிக்கு வலை கிழியிற அளவுக்கு மீன் பட்டுச்சாம். போதாதா?

மாசம் முடிஞ்சு எடுக்க வண்டி போச்சு. பொம்பளைங்க சக்கரத்துக்கு முன்னாடி படுத்துட்டாங்க. ஆம்பளைங்க டிரைவர் சட்டைய புடிச்சிட்டாங்க, கண்ணாடி போச்சு. உங்கள பயமுறுத்தச் சொல்லலண்ணா, தெரிஞ்சுக்கணும்ல. ரூமானாதான் வண்டிய திருப்பச் சொல்லிட்டா. எங்க பக்கமும் சும்மா இல்ல. பள்ளிவாசல்ல ஒரு பெரியவர் என் கையப் புடிச்சிக்கினு, உன் பொண்டாட்டி செஞ்சதுக்குக் கற்பூரம் காட்டுறாங்களாமேன்னாரு. சத்தமாக்கூட சொல்லல. கைய மட்டும் விடல. அதுல இருந்து தெரியாத நம்பர் வந்தா நான் போனே எடுக்கறதில்ல. கடை ஷட்டர யாராவது வேகமா தட்டுனாக்கூட யாருன்னு எட்டிப் பாத்துட்டுத்தான் தெறக்கறேன்.

காலையில துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்க. கரை அரிச்சு, அலை பீடத்த தொடுதுன்னு யாரோ அவளுக்கு போட்டோ அனுப்பியிருக்காங்க. உடனே போன் பண்ணி, போய் எடுத்துட்டு வந்துடுங்கன்னா. எப்டிண்ணா எடுக்குறது? ஒரு பாய் போய், அவங்க அம்மன்னு கும்புடுறதுல கயிறு போட்டு இழுத்தா சும்மா இருப்பாங்களா? அவ குடுத்த அஞ்சலாட்சி நம்பருக்கு அடிச்சிப் பாத்தேன், ஸ்விட்ச் ஆஃப். போலீசு கூட போவலாம்னு பாத்தா, அது வேற மாதிரி ஆயிடும்.

மரப்பாலம் தாண்டிட்டீங்களே, எறங்கச் சொல்லலியா? நல்லா இருப்பீங்கண்ணா.

ஆத்துப் பாலத்துல காத்தப் பாருங்க, வண்டியே ஆடுது. லெஃப்ட்டு, லெஃப்ட்டு. கோயிலத் தாண்டி நேரா கடலுக்குப் போற ரோடாத்தான் இருக்கும், எனக்கும் சரியாத் தெரியாது.

ஐயோ, அங்க பாருங்க. நிறுத்துங்க. ஊரே நிக்குது. கையில அது இன்னா, கடப்பாரையா? யா அல்லா. திருப்பிடலாம்ணா. திருப்ப எடம் இல்லியா? ரிவர்ஸ் எடுங்க, ரிவர்ஸ்... ஒரு அம்மா வராங்க. எறக்காதீங்க, கண்ணாடிய எறக்காதீங்கண்ணா...

ஆமாம்மா. ரூமானா வீட்டுக்காருதான். ஷஃபீக். இல்லம்மா, நாங்க சண்டைக்கு... ஆங்? யாரு நோண்டுனது? சரி. சரிம்மா. புயல் போனதும் கேட்டுச் சொல்றேன். கட்டாயம் சொல்றேம்மா.

காத்துல உங்களுக்குக் கேட்டுச்சா? இவங்கதான் அஞ்சலாட்சி. விடிஞ்சதுல இருந்து இவங்களே பீடத்த நோண்டி எடுத்துட்டாங்களாம். படகெல்லாம் மேட்டுல ஏத்தியாச்சு, இவ மட்டும்தான் பாக்கி, வீட்டுல இருந்து ஆளு வரட்டும்னு காத்திருந்தோம்னு சொல்றாங்க. புயல் ஓஞ்சதும் திரும்பக் கொண்டாந்து விடணுமாம்.

நீங்க எறங்குங்கண்ணா. பின்னாடி தட்டிய எறக்கி வையுங்க. நான் உள்ளயே இருக்கேன். ஆமா, இன்னும் பயமாத்தான் இருக்கு. இவங்கள நெனச்சு இல்ல. நான் அத ஒரு தடவகூட பாத்ததில்ல. ஷெட்டுல செய்யும்போதும் போவல, இங்கயும் வரல. போட்டோ வந்தா பாக்காமயே அழிச்சிடுவேன். அது எங்க பொண்ணுண்ணா. ஃபரீஹா. கூடப் படிக்கிற புள்ளைங்களோட இந்தக் கரைக்குத்தான் குளிக்க வந்தா. இவங்க படகுலதான் தேடுனாங்க, கெடைக்கல. அடக்கம் பண்ணக்கூட ஒண்ணும் கெடைக்கல. ரெண்டாவது தடவையும் தண்ணிக்குக் குடுக்க முடியாதுங்கன்னு சொல்லிட்டுத்தான் ரூமானா போன வச்சா.

அதோ, தூக்கிட்டாங்க. தோள்ல வச்சிக்கினு வராங்க பாருங்க, அடக்கத்துக்கு மய்யித்து தூக்குற மாதிரி. முன்னாடி ஒரு பக்கம் ஆளே இல்லாம இருக்கு, சாயுது... இந்தக் கதவு எப்டிண்ணா தெறக்கும்? அத்தாக்காரன் தோள் குடுக்கணும்ல.