டோலிக்கு வெட்டின மூங்கில்

...பஸ் ரோடு கேட்ட உங்க ஊருக்கு இப்ப நாலடிப் பாதை வேணுமா வேண்டாமான்னு கை தூக்கத்தான் இன்னிக்கு எல்லாரும் கூடியிருக்கோம். தூக்கலாம். அதுக்கு முன்னாடி, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் மடியில வெச்சுக்கிட்டு ஒரு சின்னக் கதை கேளுங்க. பின்னாடி பீடி பத்த வெக்கப் போற அண்ணே, நீங்களும்தான்.

இங்கேருந்து ரெண்டு மலை தள்ளி சாமைக்காடுன்னு ஒரு ஊரு. நாப்பத்தோரு வீடு. சாமை விளையும், அவரை விளையும். ஆனா அடிவாரத்துக்கு இறங்கணும்னா நாலு மணி நேரம் நடக்கணும். பஸ் ரோடு கேட்டு இருபத்திரண்டு வருஷமா மனு குடுத்திருக்காங்க. இருபத்திரண்டு வருஷம்... அவங்க காகிதம் போகாத ஆபீஸு கிடையாது.

உங்க வழக்கம்தான் அங்கயும். பொங்கல் கழிச்சு மொத வெள்ளிக்கிழமை, ஊரே போய் முத்தின மூங்கில் ஒண்ணை வெட்டும். மஞ்சள் பூசி மாரியம்மன் கோயில் சுவத்துல சாத்தி வெக்கும். எதுக்கு? அந்த வருஷம் யாருக்காவது முடியலன்னா, அதுல துணியத் தொட்டில் மாதிரி டோலி கட்டித் தூக்கிட்டுப் போக. டோலி கிளம்புச்சுன்னா வீட்டுக்கு ஒரு தோள் போகணும். அறுப்பு பாதியில நின்னாலும் போகணும். நல்ல மனுசங்க, நான் குறை சொல்லல.

ஒரு நாள் ஒன்றியத்துலேருந்து ஒரு இன்ஜினியரம்மா நடந்தே மேல வந்தாங்க. வந்தவங்க உள்ளதைச் சொன்னாங்க. பஸ் ரோட்டுக்குக் காட்டை வெட்டணும், அதுக்கு அனுமதி எப்ப வரும்னு தெரியாது. ஆனா இப்ப நீங்க நடக்கற ஒத்தையடிப் பாதையையே நாலடி அகலமாக்கி, மேட்டுல கல்லு பதிச்சு, ஓடையில ஒரு சின்னப் பாலம் போட்டா பைக்கு போகும். முக்கால் மணி நேரத்துல அடிவாரம்.

ஊர்த்தலைவர் ஆண்டியப்பன் எழுந்தாரு. "அம்மா, நாலடிய வாங்கிக்கிட்டா, சாமைக்காட்டுக்கு வழி குடுத்தாச்சுன்னு எழுதி மூடிருவாங்க. அப்புறம் என் பேரன் காலத்துலயும் பஸ்ஸு வராது. குடுத்தா ரோடு குடுங்க. இல்லன்னா வேண்டாம்."

ஊரே கை தட்டுச்சு. அவரு பயந்தது தப்பா? தப்பில்லைங்க. ஏமாந்து ஏமாந்து வந்த பயம் அது. அந்தம்மா வந்த வழியே இறங்கிப் போயிட்டாங்க.

கார்த்திகை மாசம் வெள்ளச்சின்னு ஒரு பொம்பளையோட மக மாதம்மாவுக்கு வலி எடுத்துச்சு. தலைப்பிரசவம். டோலி கட்டுனாங்க, அவ வீடு போக மிச்ச நாப்பது தோளும் போச்சு. மழையில வழுக்கு... பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி இறக்கி ஏத்துனாங்க. அடிவாரத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர ஆறு மணி நேரம். மாதம்மா பொழச்சா. புள்ள பொழைக்கல. ஒரு நாள்கூடக் கண்ணு தொறக்கல.

பொங்கல் வந்துச்சு. மொத வெள்ளியும் வந்துச்சு. ஆண்டியப்பன் அருவாளோட முன்னாடி போறாரு, ஊரு பின்னாடி போகுது. மூங்கில் புதர்கிட்ட வெள்ளச்சி நிக்குறா. அழல, கத்தல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அண்ணே, இந்த வருஷம் யாரைத் தூக்க வெட்டறீங்க? பேரைச் சொல்லிட்டு வெட்டுங்க."

யாரு பேரைச் சொல்லுவாரு? அவரு மருமகளும் ஏழு மாசம்... கூட்டத்துல ஓரமா நிக்குது. ஆண்டியப்பன் அதைப் பாத்தாரு, மூங்கிலைப் பாத்தாரு. அருவாளைக் கீழ வெச்சுட்டாரு. மறுநாளே அந்த இன்ஜினியரம்மாவைத் தேடி இறங்கிப் போனாரு.

தோள் குடுத்த அதே நாப்பது பேரும் கல்லு சுமந்தாங்க. ரெண்டு மாசத்துல பாதை முடிஞ்சுது. மருமகளுக்கு வலி எடுத்தப்ப, பைக்குல நடுவுல அது, பின்னாடி அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வெள்ளச்சி. ஆமாங்க, வெள்ளச்சியேதான். முக்கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி. தாயும் புள்ளயும் சுகம்.

சரி, பாதை தொறந்த அன்னிக்கு மொத பைக்குல இறங்குனது யாரு தெரியுமா? நம்ம ஆண்டியப்பன்தான். எதுக்கு? பஸ் ரோடு கேட்டு மனு குடுக்க! இருபத்திமூணாவது வருஷம். முன்ன போய்ட்டு வர ஒரு நாள் முழுக்க ஆகும், இப்ப வாரம் ஒரு தடவை போய் நிக்குறாரு. ஆபீஸுல அவரைப் பாத்தாலே எழுந்துக்கறாங்களாம்.

இதுதாங்க நான் சொல்ல வந்தது. சின்னதை வாங்கிக்கிட்டா பெருசைக் கேக்கற உரிமை போயிடாது. நாலடியில நடந்து போய் இருபதடி பஸ் ரோட்டைக் கேளுங்க. ஆனா இருபதடி வர்ற வரைக்கும் வலி காத்திருக்காது, புள்ள காத்திருக்காது.

வரும்போது உங்க கோயில் சுவத்தைப் பாத்தேன். புதுசா ஒரு மூங்கில் சாத்தியிருக்கீங்க, மஞ்சள்கூட இன்னும் காயல. அது இந்த வருஷம் யாருக்குன்னு மனசுக்குள்ள ஒரு பேரைச் சொல்லிப் பாருங்க... சொல்லிட்டீங்களா?

இப்பக் கையைத் தூக்குங்க.