உள்ளதப் புடிக்கிற படம்

உக்காருங்க டீச்சர், இது ஆளில்லாத எடந்தான். இந்த ஸ்கூல் டீச்சர்தான நீங்க? வாசல்ல பாத்தேன். நான் மாட்டுப்பட்டிக்கு மேல எஸ்டேட்டுல கொழுந்து எடுக்கிறவ, மாரித்தாய். மத்தியானத்துலருந்து இங்கனதான் இருக்கேன். மொதல்ல கடல்ல மீன் புடிக்கிறவுகளப் பத்துன படம் காட்டுனாக, பொறவு அம்மை ஊசி. அடுத்தது எங்க எஸ்டேட்டப் பத்துன படம். அதுக்குத்தான் வந்தேன்.

ஆமா, அதுல நானும் வாறேன். கல்யாணப் பொண்ணா. சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிச்சதுதான்.

ரெண்டு மூணு வருசமாச்சு. பட்டணத்துலருந்து வந்து கொழுந்து எடுக்கிறது, ஃபேக்டரி, மாரியம்மன் கோயில் எல்லாத்தையும் படம் புடிச்சாக. கடைசில ஒரு கல்யாணம் வேணும்னாக. அது ஆடி மாசம். ஆடியில யாரு கல்யாணம் வப்பா? எங்க கங்காணி மொக்கையன், அதுக்கென்ன, ஒண்ண வச்சுக் காட்டிருவோம்னாரு. என்னையும் ஃபேக்டரியில வேல பாத்த, நான் அதுக்கு முன்ன மொகங்கூடப் பாத்திராத ஒருத்தரையும் புடிச்சு நிறுத்திட்டாரு. பேரா? மறையூருப் பக்கம் வாசனையா ஒரு மரம் இருக்குல்ல, அதான் அவுக பேரு. ஆமா, அதேதான். நீங்க சொல்லலாம், நாஞ் சொல்லக்கூடாது.

பூசாரி, மேளம், மஞ்சக்கயிறு எல்லாமே நெசந்தான். படக்காரரு என்னைய, தலையக் குனிஞ்சுக்க, நிமிரவே கூடாதுன்னாரு. குனிஞ்சுக்கிட்டேன். அவுக கட்டுனாக. கட்டி முடிக்கவும், மிசினு சிக்கிக்கிருச்சு, கயித்த அவுத்துட்டு இன்னொருக்கக் கட்டுங்கன்னாரு. அப்பத்தான் மேளம் நின்னுச்சு. கட்டுன தாலிய அவுக்கவான்னு எங்காத்தா கேட்டா. அவுக்காம மேலயே இன்னொரு கயித்தக் கட்டுனாக. கழுத்துல ரெண்டு.

சினிமாவுல கட்டலையான்னுதான் எங்கய்யாவும் கேட்டாரு. கங்காணி ஒத்துக்கிடல. சினிமாவுல கட்டுறது நடிப்புன்னு ஊருக்கே தெரியும், இது உள்ளதப் புடிக்கிற படம்னு எஸ்டேட்டுத் தொரையே சொல்லிட்டாரு, இதுல கட்டுனா கட்டுனதுதான்னாரு. நாங்க குடியிருக்கிற லயத்துல எல்லாருக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. கழட்டுனா கட்டுனவுக உசுருக்கு ஆகாதுன்னு ஆத்தா சொன்னா. ஒரு உசுரு விசயமாச்சே. நானும் கழட்டல.

அவுகளா? அவுகளுக்குப் போடியில மாமன் மகளப் பேசி வச்சிருந்துச்சு. தையில போயி கட்டிக்கிட்டு, அங்கயே லாரியில கிளீனரா நின்னுட்டாக. ஆம்பளைக்கு ரெண்டுன்னா ஆரு கேக்கப்போறா. என்னையப் பொண்ணு கேட்டு வந்தவுக கழுத்தப் பாத்துட்டு, காப்பி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாக. மொதல்ல கோவமா வந்துச்சு டீச்சர். பொறவு கொழுந்துக்கூடை மாதிரிதான், முதுகுல கெடக்கிறதே மறந்துபோச்சு. ஒருக்க பஸ் ஸ்டாண்டுல எதுக்க வந்தாக. அன்னிக்கு அவுக தலையக் குனிஞ்சுக்கிட்டாக.

லைட்ட அணைச்சுட்டாக. இதான், இதான்.

அந்தா, அது எங்க மலை. மொக்கையனப் பாருங்க, படம் புடிக்கிறாகன்னு கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. இப்ப வரும் பாருங்க. அது நாந்தான். உச்சந்தலை மட்டுந்தான் தெரியுது. அவுக... சிரிக்கிறாக டீச்சர். கட்டுறப்ப சிரிச்சிருக்காக. எனக்குத் தெரியவேயில்ல.

படத்துல பேசுறவரு இங்கிலீசுல என்னமோ சொல்றாரே, என்ன சொல்றாரு? மலைத் தொழிலாளிக வீட்டுல ஒரு கல்யாணம்னா? ம். பெறகு என்னன்னு சொல்லுவாரு.

அவ்வளவுதானா. அதுக்குள்ள ஃபேக்டரியக் காட்ட ஆரம்பிச்சுட்டாக.

என்ன டீச்சர் பாக்கிறீக? கழுத்தா? ஆமா, ஒண்ணுமில்ல. நேத்து ஆத்தங்கரையில வச்சு ஆத்தா ரெண்டு கயித்தையும் வாங்கிட்டா. போன வாரம் போடிமெட்டு வளைவுல அவுக போன லாரி உருண்டுருச்சு. அங்க வீட்டுக்காரி இருக்காளே, எனக்கு ஆரும் ஆளு விடல. சேதி வந்து சேந்தப்ப அவுகள எடுத்து முடிச்சிருந்தாக.

வேண்டாம் டீச்சர், கைய விடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். லயத்துப் பொம்பளைகல்லாம் கூடி ஒப்பாரி வச்சாக. எனக்குத்தான் கண்ணுல தண்ணியே வரல. கட்டுனவனுக்கு இவ ஒரு சொட்டு விடலையேன்னு அங்க ஒரே பேச்சு. எந்த மொகத்த நெனச்சு அழ? மொகத்தப் பாத்தா வந்துரும்னு, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு எறங்கி வந்தேன்.

பாத்தாச்சு. வரல.

அடுத்தது என்ன படம்னு போட்டிருக்கு? அணைக்கட்டா? இருங்க டீச்சர், அதையும் பாத்துட்டுப் போவோம்.