கதவடியில் எண்ணுகிறவர்

2006 மார்ச். காலை ஏழு இருபது. மேலே அடி விழுகுது. டம். டம். டடடட. நான் நிலவறையில், மேசைக்குக் கீழே. காதைப் பொத்தியிருக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் பழகிய வாய். "படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!" தமிழில் கத்துகிறேன். மேலே நிற்பவர்கள் யூதர்கள். ஒருவரும் படுக்கவில்லை.

ஷெல் இல்லை. சப்பாத்துக் கால்கள். மொன்றியலில் ஒரு யூதச் செபக்கூடம். நான் அங்கே துப்புரவுக்காரன். அன்று அவர்களுடைய திருநாள். பழைய எதிரி ஒருவனின் பெயர் வாசிப்பில் வரும்போதெல்லாம் காலால் இடித்து, கிலுகிலுப்பை சுழற்றி, அந்தப் பெயரை அமத்துவார்கள். முதலே சொல்லித் தொலைத்திருக்கலாம். என்னை மேசைக்குக் கீழிருந்து இழுத்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என் தொந்தி அவ்வளவு பெரிசு.

இரண்டு பேரில் ஒருவர் ஐசாக். எண்பது வயது. அவரில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒவ்வொரு காலையும் கதவடியில் நிற்பார். வருகிறவர்களை எண்ணுவார். உதடு அசையும். தலையும் அசையும். அந்தத் தலைதான் எனக்குப் பிடிக்காது. ஊரில் ஒருநாள் ஆமிச் சுற்றிவளைப்பு. எங்களை வரிசையில் விட்டார்கள். எண்ணினார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகம் மூடிய ஒருவன். இரண்டு கண் ஓட்டை. என்னைப் பார்த்தான். தலை அசையவில்லை. தம்பியைப் பார்த்தான். அசைந்தது. டிரக் கதவு மூடின சத்தம் இன்னும் இருக்கிறது. முதலில் இரும்பு. பிறகு சங்கிலி.

மேசைக் கூத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. வெட்கம் பாதி, பயம் மீதி. நான்காம் நாள். காலை ஒன்பது ஐந்து. என் வீட்டுக் கதவில் தட்டு. யன்னலில் ஐசாக்கின் தொப்பி. ஓடிப்போய்க் குளியல் தொட்டிக்குள் படுத்தேன். சப்பாத்தோடு. தண்ணீர் இல்லை. அந்தளவு புத்தி இருந்தது.

"ஆள் குறையுது! வெளியில வா!" அவர் கத்தினது இங்கிலிசில். எனக்குக் கேட்டது யாழ்ப்பாணத்தில்.

"நான் உங்கட ஆள் இல்லை ஐயா! உங்கட பத்துப்பேரில நான் சேத்தி இல்லை!"

பத்துப்பேர் கூடாமல் அவர்களுடைய சில செபங்களைச் சொல்ல ஏலாது. செத்தவர்களை நினைத்துச் சொல்வதும் அதில் ஒன்று. பத்துப்பேரும் யூதராக இருக்கவேணும்.

"தெரியும்! நீ வாளியோட நிக்கிற மூலை வெறுமையாக் கிடக்கு! என்ர கண் அங்கதான் போகுது!"

"ஏன் எண்ணுறீங்கள்? ஆருக்குக் காட்டிக் குடுக்க?"

கூரையிலிருந்து ஸ்நோ உருகிச் சொட்டுது. பிறகு அவர் கத்தவில்லை. மெல்லச் சொன்னார். இளவயதில் நாஜி வதைமுகாமில் தன்னை ஒருநாளைக்கு இரண்டு தரம் எண்ணினார்களாம். மனிதரை இலக்கத்தால் எண்ணுவது யூதர்களுக்கு அதற்கு முன்பே ஆகாதாம். அதனால் அவர் எண்ணுவது ஒண்டில்லை, ரெண்டில்லை, மூண்டில்லை என்று. உதடு அசைவது அதுக்குத்தான். நெல் அளக்கிறவன் ஒண்டு என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குகிற ஊர் என்னுடையது. எனக்கு விளங்காதா?

வீட்டில் அவர் தனி. எழும்ப மனமே வராத காலைகள் இருக்காம். "நான் போகாட்டி அங்க ஒன்பது. அதால எழும்புறன்."

தொட்டியிலிருந்து எழும்பினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தேன், சங்கிலியைக் கழற்றாமல். சந்தேகம் ஒரே நாளில் போகாது. அடுத்த நாள் வாளியோடு என் மூலையில் நின்றேன். அவர் தலை அசைந்தது. நான் ஓடவில்லை.

இழந்தவை. வீடு. சைக்கிள். வலது காதில் பாதி கேட்கும் திறன். தம்பி, ஒண்டில்லை. மாமா, ரெண்டில்லை. மாமாவின் பிள்ளைகள், மூண்டில்லை, நாலில்லை. 2008 மாரிக் குளிரில், நித்திரையில், ஐசாக். அஞ்சில்லை.

மறுநாள் காலை கதவடியில் எண்ண ஆள் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நான் போய் நின்றேன். எண்ணிக்கை ஒன்பதில்லையோடு நின்றுவிட்டது. நேரம் ஏழு ஐந்து. ஸ்நோ உள்ளே அடிக்குது. பத்தாவது ஆள் தெருமுனையில் தெரியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.