திங்கட்கிழமை நோட்டு

நான் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவன். எங்கள் சமணக் குடும்பங்களில் அது வழக்கம். அரசப்பன் செத்த அன்றும் ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறை சாதம் கேட்டபோது என் மனைவி அனந்தவல்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆய்வாளர் ஐயா, நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அந்த வேலைக்கு அவனை ஏன் அனுப்பினீர்கள் என்றீர்கள். அவனாகவே முன்வந்தான் என்று சொன்னேன். அது பொய். அதனால் இதைக் கைப்பட எழுதித் தருகிறேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே என் மல்லாட்டை எண்ணெய் ஆலை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முப்பத்துநாலு பேர் வேலை செய்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவரையும் என் அறைக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, வீட்டு நிலவரம் கேட்பேன். சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். அதில் நடிப்பு இல்லை. சவுரிராயன் மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தேன். பூவரசனின் அம்மாவை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

போன மாதம், எங்களிடம் எண்ணெய் எடுக்கும் பெரிய கம்பெனி வெள்ளிக்கிழமை ஆடிட்டுக்கு வருவதாகச் சொன்னது. கழிவுநீர்த் தொட்டியில் முழங்கால் அளவு சேறு கிடந்தது. உறிஞ்சி எடுக்கும் லாரி அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். ஆடிட்டில் தேறாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் ஆலையை மூட வேண்டியதுதான். எந்தப் பக்கம் ஆபத்து குறைவு என்று பார்ப்பது முதலாளியின் வேலை அல்லவா? வியாழக்கிழமை காலை அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

பூவரசனுக்கு மூன்று அண்ணன்கள், மாமா விழுப்புரம் கோர்ட்டில் வக்கீல். அவன் வேண்டாம். சவுரிராயனுக்கு ஏதாவது ஆனால் ஊரே திரண்டு வரும். அவனும் வேண்டாம். அரசப்பன் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அண்ணனைக் கடலுக்குப் பறிகொடுத்த பிறகு படகே ஏறமாட்டேன் என்று என்னிடம் வேலைக்கு வந்தவன். கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஒருத்தி, பேச்சுவார்த்தை இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன்: "எனக்குன்னு யாருங்க இருக்காங்க மொதலாளி, நீங்கதான்."

அவனைக் கூப்பிட்டேன்.

"தொட்டில எறங்கணுமே அரசப்பா. ஒரு மணி நேர வேலைதான்."

"இதுக்கு எதுக்குங்க தயங்கிக்கினு கீறீங்க? ஜல்தியா முடிச்சிட்டு வர்றேன்," என்றான். சட்டையைக் கழற்றி, மடித்து, என் மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனான்.

ஏணியில் நாலு படி இறங்கும்வரை தலை தெரிந்தது. பிறகு விழுந்த சத்தம் கேட்டது. காப்பாற்றப் பூவரசன் பாய்ந்து ஓடினான். அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்தியது நான்தான். சமயோசிதமாக ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அவன் அக்கா சௌந்தரம் வந்தாள். வம்புக்குத்தான் வருகிறாள் என்று நான் வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டேன். அவளோ உள்ளே வந்ததும் கைகூப்பினாள்.

"நான்தாங்க வீம்பு பண்ணிக்கினு அவன்கூடப் பேசாம இருந்துட்டேன். நீங்க வாராவாரம் கூப்ட்டு வச்சு விசாரிப்பீங்களாம், கூட வேலை செய்றவங்க சொன்னாங்க. உங்கள கும்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மடித்து வைத்த சட்டையை எடுத்துக்கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும்.

தொட்டியில் விஷவாயு இருந்தது யாருக்கும் தெரியாது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த வியாழக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே நான் மூடியைத் திறந்து பார்த்தேன். அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அது என்ன வாயு என்று எனக்குத் தெரியும். வழக்கமாக மூடியைத் தூக்கினாலே தாவி ஒளியும் தவளைகளில் இரண்டு செத்து மிதந்தன. எங்களுக்கு எல்லா உயிரும் உயிர்தான் ஐயா. கழியால் அவற்றை எடுத்து, வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, பஞ்ச நமஸ்காரம் சொன்னேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து நோட்டைத் திறந்தேன்.