பெருமாள் பாதத்தில் ஆர்டர் பட்டன்

ஸ்ரீரங்கம் பஸ். மடியில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று நான் அசையாமல் இருந்தேன். முன் சீட்டில் கல்யாணச் சீர் பட்சணம் செய்து விற்கும் ஒரு மாமி. பக்கத்தில் அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்த பெண்.

“வெப்சைட்ல பெருமாள் படம் போட்டு, பாதத்துல ஆர்டர் பட்டனை வெச்சா யாரு மாமி அமுக்குவாங்க?”

“அங்க வெச்சாத்தானேடி விருத்தியாகும்? ஆனா ஒரு ஆர்டர்கூட வரலை. தை பொறக்கப் போறது, கைவேலைக்கு ஆள் வேற சொல்லிட்டேன்.”

“படத்துக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டு, பட்டனைத் தனியா வைக்கலாம்.”

“வெறும் இடமா? அதுல அதிரசம் படம் போடேன்.”

“வேணாம் மாமி, கண்ணு நேரா பட்டனுக்குப் போகணும்.” அந்தப் பெண் அலுப்புடன் போனை நீட்டினாள். “நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க.”

மாமி போனை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாரும் இதைத்தான் பண்றாங்க மாமி.”

“சரி, இடம் விடு.”