ரெட்டிபாளையத்துத் தூசி

காலையில் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் சிமெண்ட் ஆலைச் சட்டை போட்ட இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் ஆரம்பித்தார்.

"தூசிக்குக் கூட காசு கேக்குறானுங்க மச்சான்."

"எந்தத் தூசிக்கு?"

"துண்டு துண்டா வர்ற குட்டி பொம்மை லாரி கிட்டு வாங்கி ஒட்டுவேன்ல, அதுமேல பூசுற தூசிக்கு. அப்பதான் நெசமா ஓடுன வண்டி மாதிரி இருக்கும். சின்ன டப்பா, நானூத்தம்பது ரூபா. அந்தக் கிட்டோட வெலையே ரெண்டாயிரத்துலேருந்து மூவாயிரத்துக்கு ஏறிடுச்சு. நம்ம ஆலைத் தூசி பறக்குற ரெட்டிபாளையத்துல குடியிருந்துக்கிட்டு தூசிய வெலைக்கு வாங்குனா ஊரே சிரிக்காது?"

"அப்பறம்?"

"நம்ம ரோட்டுத் தூசியவே அள்ளி, சலிச்சு, பிரஷ்ஷால ஒரு வாரம் தடவுனேன். அசல் லோடு லாரிதான் போ! நேத்து ஷிப்ட் முடிஞ்சு வூட்டுக்குப் போறேன், எம்பொண்டாட்டி ஈரத்துணியால பளபளன்னு தொடைச்சு வச்சிருக்கா. 'இவ்ளோ காசு போட்டு வாங்கி இப்படித் தூசியடைய வுட்டிருக்கீங்களே'ங்குறா."

மற்றவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சண்டை போட்டியா?"

"எதுக்கு? லாரிய ஜன்னல்ல வச்சு, ஜன்னல் கதவத் தொறந்து வுட்டுட்டு வந்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆயிடும்."